மழைப் பாதையில் எம்டிபி டயர் வழுக்கினால், அப்பினால், இறங்கினால்: மதுரைச் சுற்றுவட்டாரத்துக்கான வழிமுறை

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும், மதுரைப் பக்கம் எம்டிபி (மவுண்டன் பைக், கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்) ஓட்டுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த டயர் வாங்கலாம்?" என்பதுதான். டயர் வாங்குவது கடைசி வேலை. மழைக்கால டயர் தகராறு பெரும்பாலும் காற்றைச் சரிபார்த்தாலே தீர்ந்துவிடும். அதில் தீராதது முன்டயரை மட்டும் மாற்றினால் தீரும். மிச்சம் இருப்பது எந்த டயர் போட்டாலும் தீராது. அது மண்ணின் குணம். எது எதில் சேரும் என்பதை வண்டி காட்டும் அறிகுறியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஐரோப்பியக் குளிர்கால டயர் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே குளிரில் ரப்பர் இறுகிவிடும். மரவேரும் அழுகிய இலையும் பாதையை மூடியிருக்கும். இங்கே கார்த்திகை, மார்கழி விடிகாலையிலும் ரப்பர் இறுகும் அளவுக்குக் குளிர் கிடையாது. நம் சிக்கல் வேறு. அழகர்கோவில், மேலூர், நத்தம் பக்கம் சரளை கலந்த செம்மண். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். கண்மாய்க் கரைகளில் களியும் வண்டலும். நாகமலை, யானைமலை அடிவாரங்களில் வெறும் பாறை. போதாக்குறைக்கு எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல முள். ஒரே சவாரியில் இதில் மூன்றையாவது கடக்க வேண்டி வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் காற்று

கடை கம்ப்ரசரில் காற்றுப் பிடித்தால் ஐம்பது, அறுபது பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றிவிடுவது வழக்கம். தார் ரோட்டுக்கு அது சரி. நனைந்த செம்மண்ணில் அவ்வளவு காற்றோடு எந்த டயரும் பிடிக்காது; டயர்மேல் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்கள் மண்ணுக்குள் இறங்காமல் மேலாகவே உருண்டு போகும்.

கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். 30-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, வளைவில் தெரியும். 0 முதல் 60 பிஎஸ்ஐ வரை அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 160 வரை போகும் கேஜ், இருபதுகளில் சரியாகக் காட்டாது.

70 கிலோ எடையுள்ளவருக்கு நனைந்த பாதையில் தொடங்க வேண்டிய அளவு:

- டியூப் போட்ட 2.1 (அங்குல அகலம்) டயர்: முன் 26, பின் 30
- டியூப்லெஸ் 2.25 டயர்: முன் 21, பின் 24

எடை பத்து கிலோ கூடினால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைந்தால் 2 குறையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு தடவையும் 2 மட்டும் இறக்கி ஓட்டிப் பாருங்கள். கல்லில் ஏறும்போது ரிம் 'டங்'கென்று இடித்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். 2 ஏற்றி அதிலேயே நிறுத்துங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விலை குறைந்த வண்டிகளோடு வரும் டயர்களின் பக்கச்சுவரில் குறைந்தபட்சக் காற்று 35 என்றோ 40 என்றோ அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே இறக்கக்கூடாது. அந்த அளவுக்கு இறக்கியும் வழுக்கினால் கோளாறு காற்றில் இல்லை, பெரும்பாலும் டயரில்தான். அப்போது கீழே உள்ள சோதனைகளில் பாதியைத் தாண்டி, டயர் மாற்றும் பகுதிக்கே போய்விடலாம்.

## அறிகுறி: வளைவில் முன்டயர் வழுக்கிக்கொண்டு போகிறது

ஆளைக் கீழே தள்ளுவது இதுதான். பின்டயர் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்டயர் வழுக்கினால் அதற்கு நேரம் கிடைக்காது. கையில் ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை முன்சக்கரத்துக்கே செலவழியுங்கள்.

### செம்மண்ணில் மட்டும் வழுக்குகிறதா?

வழுக்கிய இடத்திலேயே வண்டியை நிறுத்தி, டயரைத் துடைக்காமல் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

பட்டன்களுக்கு இடையே மண் நிரம்பி, டயர் முழுவதும் ஒரே மழமழப்பாக இருந்தால் பட்டன்கள் நெருக்கமாக இருக்கின்றன. மண் உதிர்ந்து விழ இடமில்லை. இந்தச் சவாரிக்கு மருந்து கிடையாது. வேகத்தைக் குறைத்து, ஓரத்துப் புல்லில் ஏறி ஓட்டுங்கள். அடுத்த டயர் வாங்கும்போது இடைவெளி அதிகமுள்ளதாகப் பார்க்க வேண்டும்.

இடைவெளியெல்லாம் சுத்தமாக இருந்தும் வழுக்கினால், இந்த வரிசையில் பாருங்கள்.

காற்று கூடுதலா? மேலே சொன்ன அளவுக்கு இறக்குங்கள். செலவில்லாத வேலை.

டயர் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா? பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கி உருளும் திசையை அது காட்ட வேண்டும். பஞ்சர் ஒட்டிய அவசரத்தில் மாற்றிப் போடுவது சகஜம். சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு அம்புகள் இருக்கும், உரியதைப் பாருங்கள்.

பட்டனின் ஓரம் மழுங்கிவிட்டதா? உயரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். டயரின் தோள்பட்டையில், அதாவது சாயும்போது தரையைத் தொடும் வெளிவரிசையில், ஒரு பட்டனின் மேல்பரப்பிலிருந்து ஓரத்தை நோக்கி விரல் நகத்தை இழுங்கள். ஓரத்தில் நகம் சட்டென்று இடறினால் பட்டன் கூராக இருக்கிறது. இடறாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்த ஓரம் உருண்டுவிட்டது, நாலு மி.மீ. உயரம் மிச்சம் இருந்தாலும் நனைந்த மண்ணை அது வெட்டாது. அதே பட்டனைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அடியில் வெடிப்பு தெரிந்தால் அது வளைவில் மடங்கிக்கொள்ளும். அந்த டயரை முன்சக்கரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பின்டயர் நன்றாக இருக்கிறதா? பின்டயரில் தேய்வது நடுவரிசை. தோள்வரிசை பெரும்பாலும் புதிதாகவே நிற்கும். இரண்டும் ஒரே மாடலாக இருந்து முன்டயரின் தோள் மழுங்கியிருந்தால், மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு மழைக்காலத்தை இப்படி ஓட்டிவிடலாம்.

இவை எல்லாம் பார்த்தபின்தான் புது டயர். இரும்பு ஸ்கேலால் பட்டன் உயரத்தை அளந்தால், வேக ஓட்டத்துக்கான டயர்களில் புதிதிலேயே 2 முதல் 3 மி.மீ.தான் இருக்கும், அது மழைக்கு ஆகாது. முன்சக்கரத்துக்கு 4 மி.மீ.க்குக் குறையாத பட்டனும், 2.25 முதல் 2.4 வரை அகலமும், தோள்வரிசையில் நல்ல இடைவெளியும் உள்ளதாகப் பாருங்கள். மேக்சிஸ் ஃபோர்காஸ்டர், ஷ்வால்பே நாபி நிக் போன்ற நடுத்தர வகை இந்தப் பக்கத்துக்குப் போதும்.

### பாறையில் மட்டும் வழுக்குகிறதா?

இங்கே விடை தலைகீழ். சேற்றுக்கென்றே வரும் நீண்ட கூர்ப்பட்டன் டயர்கள், மேக்சிஸ் ஷார்ட்டி, கான்டினென்டல் மட் கிங் வகை, நனைந்த கருங்கல்லில் சாதாரண டயரைவிட மோசமாக நடந்துகொள்ளும். உயரமான பட்டன் பாறைமேல் மடங்கிக்கொள்ளும். கல்லைத் தொடும் ரப்பரின் பரப்பும் குறைவு. மதுரையைச் சுற்றி ஆழமான சேற்றுப் பாதையைவிடப் பாறையும் சரளையும்தான் அதிகம். அதனால் 'மழைக்காலம் என்றால் சேற்று டயர்' என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

பாறைக்கு வேண்டியது மென்மையான ரப்பர். சோதனை எளிது: நடுப்பட்டன் ஒன்றில் நகத்தை ஊன்றி எடுங்கள். தடம் பதிந்து மெதுவாக மறைந்தால் மென்மை. தடமே பதியாவிட்டால் கடினம். புதிது வாங்கும்போது பக்கச்சுவரைப் படியுங்கள். மேக்சிஸில் மேக்ஸ்கிரிப் என்பது மிக மென்மை, மேக்ஸ்டெர்ரா நடுத்தரம், டூயல் அதைவிடக் கடினம். ஷ்வால்பேயின் அடிக்ஸ் (Addix) வரிசையில் டயர்மேல் ஓடும் வண்ணக்கோட்டைப் பாருங்கள்: ஊதா மிக மென்மை, ஆரஞ்சு மென்மை, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகத்துக்கானது. மென்மையான ரப்பர் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும். எனவே முன்சக்கரத்துக்கு மட்டும் மென்மை, பின்னுக்கு நடுத்தரம் என்று போடுவதுதான் நம் ஊருக்குச் சரி.

பாறையின் மேல் கறுப்புக் கோடாகத் தண்ணீர் வழிந்த தடம் தெரிந்தால் அது பாசி. கண்மாய்க் கலுங்கில் இருக்கும் பச்சைப் படலமும் அதுதான். அதில் பிடிக்கும் டயர் கிடையாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற இடங்களில் பாறையே பாதுகாக்கப்பட்ட சின்னம். அங்கே நனைந்திருந்தாலும் காய்ந்திருந்தாலும் பாறைமேல் டயர் ஏறக்கூடாது.

### மண், பாறை, தார் எல்லாவற்றிலும் வழுக்குகிறதா?

ரப்பர் இறுகிப்போயிருக்கும். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ சித்திரை வைகாசி வெயிலில் நின்ற வண்டிகளில் இது வரும். காற்றை இறக்கி, பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளி மடக்குங்கள். மெல்லிய விரிசல்கள் வாய்திறந்தால், பட்டன் புதிதாக இருந்தாலும் டயரின் காலம் முடிந்தது.

### கடைக்குப் போக வேண்டிய கட்டம்

முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கைப்பிடிக்குக் கீழே 'டக் டக்' என்று தட்டினால் ஹெட்செட் (கைப்பிடியும் போர்க்கும் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் சக்கர நடுவில் உள்ள ஹப் பேரிங் தளர்ந்திருக்கிறது. இரண்டுமே வளைவில் டயர் வழுக்குவது போன்ற உணர்வைத் தரும். டயர் வாங்கும் முன் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

## அறிகுறி: ஏற்றத்தில் பின்சக்கரம் வெறுமனே சுற்றுகிறது

முதலில் உட்காரும் விதம். எழுந்து நின்று மிதித்தால் எடை முன்னே போய்ப் பின்டயர் பிடி இழக்கும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, உட்கார்ந்தபடியே, ஒரு பல் கனமான கியரில் ஒரே சீராக மிதியுங்கள். மிக லேசான கியரில் மிதி வெடுக்கென்று போய்ச் சக்கரத்தைச் சுற்றவிடும்.

அடுத்தது காற்று; பின்டயரில் 2 இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நடுவரிசைப் பட்டன்களைப் பாருங்கள். மிதிக்கும் விசையைத் தாங்குவது அவற்றின் பின்பக்க ஓரம்தான். அது உருண்டிருந்தால் டயரைத் திருப்பிப் போட்டுக் கூரான பக்கத்தைப் பின்னே கொண்டுவரலாம். அம்புக்குறிக்கு எதிராகப் போகும், இறக்கத்தில் பிரேக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். சிக்கனத்துக்காகச் சில வாரம் ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

டயர் நன்றாக இருந்தும், மிதிக்கும்போது 'கடக்' என்று வழுக்கினால் வழுக்குவது டயரே அல்ல. செயின் நீண்டு பல் தாண்டுகிறது, அல்லது ஃப்ரீவீல் பிடிக்கவில்லை. கடை வேலை.

## அறிகுறி: மண் அப்பிச் சக்கரமே சுற்றவில்லை

### கரிசலில் என்றால்

தேர்வு செய்ய டயர் எதுவும் இல்லை. நனைந்த கரிசல் கேப்பைக்களி போல டயரில் சுருண்டு ஏறும். பட்டன் இடைவெளியை அடைத்து, போர்க்கின் கீழும் பின்பக்க ஸ்டேயிலும் (பின்சக்கரத்தைத் தாங்கும் பிரேம் குழாய்கள்) கெட்டித்துப் போகும். சேற்று டயரில் இருபது அடி கூடுதலாகப் போகலாம், அவ்வளவுதான்.

இறங்கும் முன் சோதனை: பாதை ஓரத்து மண்ணைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டால் அன்று அந்தப் பாதை வேண்டாம். உடைந்து பொலபொலவென்று விழுந்தால் போகலாம். சரளை கலந்த செம்மண்ணில் மழை விட்ட சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். கரிசலுக்கு நல்ல வெயில் அடித்து இரண்டு மூன்று நாளாவது வேண்டும். மழைக்கு மறுநாள் திருமங்கலம் பக்கம் திரும்பாமல் அழகர்கோவில் ரோட்டைப் பிடியுங்கள். அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடிவாரத்து வண்டிப்பாதைகளும் தோப்புப் பாதைகளுமே போதுமான அளவுக்கு இருக்கின்றன.

உள்ளே மாட்டிக்கொண்டால் மிதித்து வெளியேற முயலாதீர்கள். இதில்தான் பெரிய செலவு வருகிறது. மண் கெட்டித்த பின்கியரை மிதித்து இழுத்தால் ஹேங்கர் (பின்கியரைப் பிரேமில் தாங்கும் சிறு தகடு) வளையும் அல்லது ஒடியும். பின்கியர் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சக்கரத்தையும் கெடுக்கும். இறங்கி, ஒரு குச்சியால் முதலில் ஸ்டேயிலும், பிறகு பிரேக் அருகிலும், கடைசியில் டயரிலும் வழித்து எடுங்கள். அதன்பின் உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு நடங்கள். உருட்டினால் பத்தடியில் மறுபடி அப்பிவிடும்.

### செம்மண்ணிலும் கண்மாய்க் கரையிலும் என்றால்

இது சரிசெய்யக் கூடியது. மட்காடு போட்டிருந்தால் கழற்றுங்கள். நகர வண்டியின் மட்காடு டயரோடு ஒட்டி இருக்கும், அதில்தான் முதலில் அடைக்கும். பிறகு 6 மி.மீ. ஆலன் கீயை எடுத்து, டயருக்கும் போர்க்குக்கும் இடையிலும், டயருக்கும் பின்பக்க ஸ்டேக்கும் இடையிலும் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். எங்கேயாவது உரசினால் டயர் அந்த வண்டிக்கு அகலம் அதிகம். 2.35 போட்டு அடைப்பதைவிட 2.1 போட்டு ஓட்டுவது மேல். புது டயர் காற்று ஏறிச் சில நாளில் ஒன்றிரண்டு மி.மீ. விரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கண்மாய்க் கரையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். களி நனைந்திருக்கும்போது கரைமேல் ஓட்டினால் டயர் தடம் ஆழமாகப் பதியும். அடுத்த மழையில் அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடிக் கரையை அரிக்கும். கீழே இருக்கும் வயல்களுக்கு அந்தக் கரைதான் காப்பு. காயும் வரை அதில் ஏற வேண்டாம்.

சவாரி முடிந்து வாட்டர் சர்வீஸில் விடுவதென்றால், தண்ணீர்ப் பீச்சை ஹப், பெடல் அச்சு, ஹெட்செட் ஆகியவற்றில் நேராக அடிக்க விடாதீர்கள். பேரிங்கிலிருந்து கிரீஸ் கழுவிப்போகும். வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும்.

## அறிகுறி: பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை

ஒரே சோதனை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நின்றுவிட்டு வண்டி இழுத்துக்கொண்டு போனால் டயர். சக்கரம் சுற்றிக்கொண்டே போனால் பிரேக்.

டயர் என்றால் காற்றை இறக்கி, மேலே சொன்ன நகச் சோதனையைச் செய்யுங்கள். பின்பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுபவர்களுக்கு இது அதிகம் வரும்; இரண்டையும் சேர்த்து, மெதுவாக அழுத்திப் பழகுங்கள்.

பிரேக் என்றால், டிஸ்க் வண்டியில் பேடை எடுத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டுக்கு மேல் உரசும் பொருள் 1 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். மணல் கலந்த சேறு ரெசின் பேடைச் சீக்கிரம் தின்றுவிடும். மழைக்காலத்துக்கு உலோகப் பேட் நீடிக்கும், ஆனால் உங்கள் டிஸ்க்கில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருந்தால் போடக்கூடாது. ஹைட்ராலிக் லீவர் கைப்பிடிவரை வந்து தொட்டால் கடையில் ப்ளீடிங் (பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) செய்யக் கொடுங்கள். அதை வீட்டில் திறக்க வேண்டாம்.

## அறிகுறி: டயர் இறங்கிவிடுகிறது

மழைக்காலத்தில் பஞ்சர் கூடும். நனைந்த ரப்பரைக் கல்லும் முள்ளும் எளிதில் வெட்டும். ஓடைத் தண்ணீர் கருவேல மிலாறுகளைப் பாதையில் கொண்டுவந்து போடும்.

டயரைக் கழற்றும் முன், வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்வு உள்தண்டைத் திருகி இறுக்கினாலே போதும்.

குமிழி இல்லையென்றால் டியூபை வெளியே எடுங்கள். ஓட்டையின் வடிவமும் இடமும் காரணத்தைச் சொல்லும்.

### ஊசிமுனை அளவு ஒரே ஓட்டை, டியூபின் வெளிவட்டத்தில்

முள். டியூபை ஒட்டுவதைவிட முள்ளைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். கருவேல முள் உள்ளே ஒடிந்து நின்றுகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியைச் சுற்றி இழுங்கள். முள்முனை நூலைப் பிடிக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். பிடித்த இடத்தில் டயரை வளைத்து, குறடால் உள்பக்கமிருந்து இழுத்து எடுங்கள்.

டயர் மாட்டும்போது அதன் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டுங்கள். டியூபில் வால்விலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டை என்று பார்த்தால், டயரில் அதே தூரத்தில், எழுத்துக்கு இரண்டு பக்கமும் தேடினால் போதும்.

மழையில் நின்றுகொண்டு பஞ்சர் ஒட்ட முயல வேண்டாம். ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் உப்புத்தாளால் ராவி, சொல்யூஷன் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு பேட்சை அழுத்துங்கள்.

### ஒன்றுக்கொன்று எதிரே இரண்டு கிழிசல்

காற்று குறைவு. கல்லில் ஏறியபோது ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. 3 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ஏற்றினால் வழுக்குகிறது, இறக்கினால் கிழிகிறது என்ற நிலை வந்தால், அதுதான் டியூப்லெஸ் பக்கம் போக வேண்டிய நேரம்.

### உள்வட்டத்தில் ஓட்டை

ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் துளை அல்லது நிப்பிள் குத்தியிருக்கிறது. டேப்பை நேராக்குங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சில ரூபாய்ப் பொருள்.

### வால்வின் அடியில் கிழிசல்

குறைந்த காற்றில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுக்கும். ஒட்ட முடியாது, புது டியூப்.

### டியூப்லெஸ் டயர் இறங்கினால்

முதலில் சீலண்ட், அதாவது ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம். 29 அங்குலச் சக்கரத்தின் 2.25 டயருக்கு 90 முதல் 120 மி.லி. வேண்டும். மதுரை வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தை உலுக்கினால் உள்ளே தண்ணீர் அலசும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மழைக்கு முன் புதிதாக ஊற்றுங்கள். காற்று போகாமல் முள் குத்தி நின்றால் வீடு வரும்வரை பிடுங்காதீர்கள். பக்கச்சுவரில் கல் கிழித்தால் சீலண்ட் அடைக்காது. உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து, டியூப் போட்டு ஊர் வந்து சேருங்கள்.

ரிம், டயர் இரண்டிலும் டியூப்லெஸ் ரெடி என்று இருந்தால்தான் மாற்ற வேண்டும். சாதாரண ரிம்மில் டேப் சுற்றிச் செய்து தருகிறேன் என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். குறைந்த காற்றில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் கீழே விழுவது நீங்கள். அதேபோல் டயரில் நூல் வெளியே தெரிந்தாலோ, பக்கச்சுவர் புடைத்தாலோ, ஒட்டிக்கொண்டிராமல் மாற்றுங்கள்.

## அறிகுறி: தார் ரோட்டில் வண்டி கனக்கிறது, டயர் உறுமுகிறது

பட்டன் டயருக்கு இது இயல்பு. ஊருக்குள்ளிருந்து அழகர்கோவில் அடிவாரம் சேர இருபது கிலோமீட்டர் தார் ரோடு என்பதால் இது சின்னத் தொல்லை இல்லை. பின்டயரை நடுவரிசை நெருக்கமான 2.1 ஆக வைத்துக்கொள்ளுங்கள். கனத்தில் பெரும்பங்கு பின்டயரில்தான். போகும்போது 40 பிஎஸ்ஐ வையுங்கள், அடிவாரத்தில் காற்றை இறக்குங்கள், திரும்பும்போது கைப்பம்பில் ஏற்றுங்கள். அமெரிக்கன் வால்வு (மோட்டார் பைக்கில் உள்ளது போன்றது) என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்றுப் பிடிக்கலாம். நுனியைத் திருகித் திறக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குச் சின்ன அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: புது டயர் மாட்டியபின் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது

வாங்கியதே சரியான அளவா என்று பாருங்கள். பக்கச்சுவரில் 57-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம் மி.மீ.யில், இரண்டாவது எண் ரிம்மோடு பொருந்த வேண்டியது. எம்டிபியில் 26 என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622. '26' என்று மட்டும் சொல்லி வாங்கினால் சிக்கல் வரும். 26-க்கு 1 3/8 டயர் 590, அது எம்டிபி ரிம்மில் உட்காராது.

அளவு சரியென்றால், ரிம் ஓரத்தையொட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை முழுக்க இறக்கி, அந்த ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, பக்கச்சுவரில் அச்சிட்ட அதிகபட்ச அளவைத் தாண்டாமல் ஏற்றுங்கள். 'பட்' என்ற சத்தத்தோடு உட்காரும். பிறகு ஓட்டும் அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

கோடு சுற்றிலும் சீராக இருந்தும் ஆடினால், வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் பேடுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியையோ, போர்க்கில் விரலை வைத்து ரிம் விரலைத் தொடும் இடத்தையோ கவனியுங்கள். ரிம்மே பக்கவாட்டில் அலைந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பியைச் சாவி வைத்துத் தெரிந்தவர் திருகினால் அரைமணி நேர வேலை. தெரியாமல் திருகினால் சக்கரமே போய்விடும், எனவே கடைக்குக் கொண்டுபோங்கள். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் அலைந்தால், டயரின் உள்நூல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அது சரியாகாது, ஓட்டித் தேய்க்கும் முன் வாங்கிய கடையில் காட்டி மாற்றிக் கேளுங்கள்.